கையால் செய்த ஆபரேஷன் யந்திரம் கவுஞ்சி மலை ஏறுமா?

ஆபரேஷன் செய்யும் யந்திரம் ஒன்று இருக்கிறது. அதன் விலை பத்துக் கோடி ரூபாய்க்கு மேல். அதை வாங்குவதற்குப் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளே பல முறை யோசிக்கின்றன.

அதைப் போன்ற ஒரு யந்திரத்தை, கடையில் கிடைக்கும் மோட்டார்களையும் பிளாஸ்டிக் துண்டுகளையும் வைத்து ஒரு வாலிபர் செய்து விட்டார்! ஆன செலவு சுமார் 5 ஆயிரம் டாலர். அன்றைய மதிப்பில் நமது பணத்தில் மூன்றேகால் லட்சம் ரூபாய்.

அந்த வாலிபரின் பெயர் பிராங்க் கோல்க்மன். ஹாலந்து நாட்டுக்காரர். லண்டனில் உள்ள ராயல் கலைக் கல்லூரியில் படித்து, 2015-ம் ஆண்டு இந்த யந்திரத்தை உருவாக்கினார். அவர் டாக்டர் அல்ல. பொருள்களை வடிவமைக்கும் கலையைப் படித்தவர்.

"லண்டனில் யாரோ எதையோ செய்தால் நமக்கு என்ன?" என்று வாசகர்கள் கேட்கலாம். நமக்கும் அதில் சம்பந்தம் உண்டு. பழனி மலைத் தொடரின் உச்சியில், ஆஸ்பத்திரிக்கு வெகு தொலைவில் இருக்கும் கவுஞ்சி போன்ற ஊர்களுக்கு நிச்சயம் உண்டு.

கவுஞ்சி எங்கே இருக்கிறது?

திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் தாலுகா, மேல்மலையில் இருக்கிறது கவுஞ்சி. பழனி போகும் வழியில் வடகவுஞ்சி என்று ஓர் ஊர் உண்டு. அது வேறு, இது வேறு. கொடைக்கானலில் இருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர் வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர் போனால் இந்தக் கவுஞ்சி வரும். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 6 ஆயிரம் அடி உயரம். வழியெல்லாம் வளைவு. மழைக் காலத்தில் மூடுபனி வந்து விட்டால், எதிரே வரும் வண்டியின் விளக்குத்தான் தெரியும். வண்டி தெரியாது.

வெள்ளைப் பூண்டு, உருளைக் கிழங்கு, காரட், பீன்ஸ் ஆகியவை இந்த வட்டாரத்துப் பயிர்கள். கொடைக்கானல் மலைப் பூண்டுக்கு 2019-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. மலைச் சரிவிலே தோட்டம். விளைந்ததை மூட்டை கட்டி, முதுகிலோ தலையிலோ சுமந்து சாலைக்குக் கொண்டு வர வேண்டும். இப்படிப் பாரம் தூக்கும் ஆண்களுக்கு வரக் கூடிய தொல்லைகளில் ஒன்று குடல் இறக்கம். வயிற்றின் சதைச் சுவர் பலவீனமான இடத்தில் பிளந்து, குடல் வெளியே பிதுங்கி நிற்கும். ஹெர்னியா என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று குடல்வால் நோய். இதற்குப் பாரம் தூக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் வரும். நேரம், காலம் பார்க்காமல் வரும்.

இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் ஆபரேஷன்தான் வழி. சிறிய ஆபரேஷன் என்றால் கொடைக்கானல். சிக்கலான ஆபரேஷன் என்றால் மலையை விட்டு இறங்கி திண்டுக்கல், தேனி, மதுரை என்று போக வேண்டும். கொடைக்கானல் போய்ச் சேர்ந்த பிறகும் வத்தலக்குண்டுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் மலைப் பாதை. கவுஞ்சிக்காவது சாலை உண்டு. இதே மலைத் தொடரில் உள்ள வெள்ளகவி போன்ற ஊர்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகள் பத்திரிகைகளில் பலமுறை வந்திருக்கின்றன.

ஆஸ்பத்திரியில் ஆகிற செலவு ஒரு பக்கம். கூடப் போகிறவர்களுக்குச் சாப்பாடு, தங்க இடம், பஸ் சத்தம், தோட்டத்தில் வேலை கெட்டுப் போவது இவையெல்லாம் இன்னொரு பக்கம். அதனால்தான் மலையில் பலர் குடல் இறக்கத்தைத் துணியால் இறுக்கிக் கட்டிக் கொண்டு வருஷக் கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள்.

இப்படிப்பட்ட ஊருக்கு, மலிவான விலையில் ஓர் ஆபரேஷன் யந்திரம் வந்தால் எப்படி இருக்கும்?

யந்திர மனிதன் அல்ல!

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்து விடுவோம். ஆபரேஷன் யந்திரம் என்றதும், சினிமாவில் வருவது போல இரும்பு மனிதன் ஒருவன் கையில் கத்தியோடு நடந்து வருவான் என்று நினைக்க வேண்டாம். அது தானாக எதுவும் செய்யாது. எங்கே வெட்டுவது, எங்கே தைப்பது என்று அதற்குத் தெரியாது.

நோயாளியின் பக்கத்தில் நீண்ட கைகளோடு ஒரு யந்திரம் நிற்கும். அதே அறையின் ஓரத்தில், ஒரு பெட்டியின் முன்னால் டாக்டர் உட்கார்ந்திருப்பார். அந்தப் பெட்டியில் கண்ணை வைத்தால் வயிற்றின் உள்பாகம் பெரிதாகத் தெரியும். டாக்டரின் விரல்களில் வளையங்கள் மாட்டப்பட்டிருக்கும். அவர் விரலை அசைத்தால் யந்திரக் கையின் நுனியும் அசையும். அவர் மூன்று அங்குலம் நகர்த்தினால் நுனி ஓர் அங்குலம் நகரும்படி வைத்துக் கொள்ளலாம். மனிதக் கைக்கு இயல்பாக உள்ள சின்ன நடுக்கத்தை யந்திரம் வடிகட்டி விடும்.

ஆக, இது டாக்டரின் கைக்கு நீட்டம் போட்ட மாதிரி. அவ்வளவுதான்.

இந்த யந்திரங்களில் பிரபலமானது அமெரிக்காவின் டாவின்சி. இத்தாலி நாட்டு மேதை லியனார்டோ டாவின்சியின் பெயரை வைத்திருக்கிறார்கள். 2000-ம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் இதற்கு அனுமதி கொடுத்தது. தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் இருந்து வந்த இந்த வசதி, 2022-ம் ஆண்டு சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனைக்கும் வந்தது. அதற்கு அரசாங்கம் ஒதுக்கிய பணம் சுமார் 35 கோடி ரூபாய். ஏழைகளும் அங்கே இந்த ஆபரேஷனைச் செய்து கொள்ள முடியும். ஆனால் அது சென்னையில் இருக்கிறது.

பானைக்குள் அகப்பை

கோல்க்மனுக்கு இந்த யோசனை எப்படி வந்தது?

அமெரிக்காவில் வைத்தியச் செலவு மிக அதிகம். இன்ஷூரன்ஸ் இல்லாதவர்கள் சிலர் தாங்களே தங்களுக்குச் சிகிச்சை செய்து கொள்கிறார்கள். அதைப் படம் பிடித்து மற்றவர்களுக்கும் காட்டுகிறார்கள். அந்தப் படங்களைக் கோல்க்மன் பார்த்தார். "சாதாரண மனிதன் தானே ஓர் ஆபரேஷன் யந்திரத்தைச் செய்ய முடியுமா? செய்து பார்த்தால் என்ன?" என்று எண்ணினார். தம் முயற்சிக்கு "ஓப்பன் சர்ஜரி" என்று பெயர் வைத்தார்.

வெட்ட வேண்டிய தகடுகளை லேசர் ஒளியால் வெட்டினார். மூட்டுகளையும் பிடிகளையும் முப்பரிமாண அச்சு யந்திரத்தில் செய்தார். இந்த அச்சு யந்திரம் காகிதத்தில் அச்சடிப்பதல்ல. பிளாஸ்டிக்கை உருக்கி, இழை இழையாக ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்து, வேண்டிய உருவத்தை எழுப்பி விடும். நம் ஊரில் இடியாப்பம் பிழிவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மோட்டார்களையும் மற்ற மின்சாரச் சாமான்களையும் விலைக்கு வாங்கினார்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் இதிலே ஒரு முடிச்சு இருக்கிறது.

வாய் குறுகிய பானைக்குள் நீண்ட அகப்பையை விட்டுக் கிண்டிப் பாருங்கள். பானையின் வாயில் அகப்பைக் காம்பு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கை இடது பக்கம் போனால் அகப்பை வலது பக்கம் போகும். கை மேலே போனால் அகப்பை கீழே போகும். துளை வழியாகச் செய்யும் ஆபரேஷனும் அப்படித்தான். வயிற்றில் அரை அங்குலத்துக்கும் குறைவான துளை. அதன் வழியாக நீண்ட மெல்லிய ஆயுதம் உள்ளே போகிறது. ஆயுதம் எப்படித் திரும்பினாலும் அந்தத் துளையின் இடத்தில் மட்டும் அசையக் கூடாது. அசைந்தால் வயிற்றுச் சுவர் கிழிந்து விடும்.

மனிதன் செய்தால் கையின் உணர்ச்சி அதைப் பார்த்துக் கொள்ளும். யந்திரத்துக்கு உணர்ச்சி ஏது? ஆகவே, யந்திரத்தின் சட்டங்களை இணைக்கும் விதத்திலேயே அந்தக் கணக்கு அடங்கியிருக்க வேண்டும். கடைகளில் இழுத்து மூடும் இரும்புக் கதவைப் பார்த்திருப்பீர்கள். குறுக்கும் நெடுக்குமான சட்டங்கள் மூட்டுகளில் மடங்கி விரியும். இரண்டு சட்டங்கள் எப்போதும் ஒன்றுக்கொன்று இணையாகவே இருக்கும். அதே தத்துவத்தை வைத்து, எங்கே திரும்பினாலும் ஒரு புள்ளி மட்டும் அசையாமல் நிற்கும்படி யந்திரக் கையைக் கட்டுவது ஒரு வழி. யந்திரக் கையின் உயிர்நாடியே இந்த அசையாப் புள்ளிதான்.

கோல்க்மன் இன்னொரு சுவரிலும் முட்டிக் கொண்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் காப்புரிமை! பெரிய கம்பெனி ஆயிரத்துக்கு மேற்பட்ட காப்புரிமைகளை வாங்கி வைத்திருக்கிறது. மூட்டை இப்படி வைத்தால் அது ஏற்கெனவே ஒருவருடைய சொத்து. அப்படி வைத்தால் இன்னொருவருடைய சொத்து. யந்திரம் செய்வதை விட, வழி கண்டுபிடித்து நுழைந்து வருவது பெரும்பாடு.

கடைசியில் யந்திரம் தயாராயிற்று. அசைந்தது. கண்காட்சிகளில் ஜனங்கள் அதைப் பார்த்தார்கள். ஆனால் கோல்க்மன் அதை ஒரு மனிதர் மேலும் பயன்படுத்தவில்லை. பயன்படுத்துவது அவருடைய நோக்கமும் அல்ல. "இது இவ்வளவு விலையாக இருக்கத்தான் வேண்டுமா?" என்று உலகத்தைக் கேட்பதே அவர் நோக்கம்.

பழைய யந்திரமும் பாழாகவில்லை

காயலான் கடைக்குப் போக வேண்டிய சாமானிலும் ஆபரேஷன் யந்திர ஆராய்ச்சி நடக்கிறது என்றால் நம்புவீர்களா?

ஆஸ்பத்திரிகளில் ஓடித் தேய்ந்து, ஓய்வு பெற்ற முதல் தலைமுறை டாவின்சி யந்திரங்களின் கைகளைக் கம்பெனியே பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்தது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தாரும், உஸ்டர் பாலிடெக்னிக் ஆசிரியர்களும் அவற்றை இயக்குவதற்குப் புதிய மின்சாரப் பலகைகளையும் கம்ப்யூட்டர் கட்டளைகளையும் தயார் செய்தார்கள். அவற்றை ஒளித்து வைக்காமல் எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். 2012-ம் ஆண்டில் இருந்து இந்த வேலை நடக்கிறது. நோயாளிகளுக்கு அல்ல, மாணவர்கள் படிப்பதற்கு மட்டும்.

உண்மையைச் சொன்னால், ஆபரேஷன் யந்திரத்தின் சரித்திரமே இப்படித்தான் தொடங்கியது. 1985-ம் ஆண்டு அமெரிக்காவில் லாங் பீச் என்ற ஊரில், ஒரு நோயாளியின் மூளையில் இருந்து சிறு துண்டு சதை எடுக்க வேண்டியிருந்தது. ஊசியைச் சரியான இடத்துக்குக் கொண்டு போக டாக்டர்கள் பயன்படுத்தியது என்ன தெரியுமா? தொழிற்சாலை வேலைக்காகச் செய்த "பூமா" என்ற யந்திரக் கை! வேலை நன்றாகவே நடந்தது. ஆனால் யந்திரம் செய்த கம்பெனி பயந்து விட்டது. "இது வேலிக்குள் வைத்து, மனிதர் பக்கத்தில் வராதபடி இயக்க வேண்டிய யந்திரம். ஆபரேஷனுக்குப் பயன்படுத்தக் கூடாது" என்று சொல்லி விட்டது.

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

மூன்றேகால் லட்சத்துக்கும் பத்துக் கோடிக்கும் நடுவில்

மோட்டாரும் சட்டமும் மலிவு என்றால், மிச்சப் பணம் எல்லாம் எங்கே போகிறது? கம்பெனியின் லாபம் என்று மட்டும் சொல்லித் தப்பித்துக் கொள்ள முடியாது. லாபமும் இருக்கிறது. ஓர் உதாரணம்: டாவின்சியின் நுனியில் மாட்டும் ஆயுதம் ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர் சிப் உண்டு. எத்தனை முறை பயன்படுத்தினார்கள் என்று அது எண்ணிக் கொண்டே வரும். வெகு காலம் வரை பல ஆயுதங்களுக்குப் பத்து முறைதான் கணக்கு. பதினோராவது முறை மாட்டினால் யந்திரம் ஏற்காது. ஆயுதம் கூர்மையாகவே இருந்தாலும் சரி, தூக்கிப் போட வேண்டியதுதான். பிறகு சில ஆயுதங்களுக்கு அந்தக் கணக்கைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். சாதாரணக் கத்தரியைச் சாணை பிடித்து ஆண்டுக் கணக்கில் வைத்துக் கொள்ளும் நம் ஊர் டாக்டர்களுக்கு இது வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும்.

ஆனால் விலையில் நியாயமான பங்கும் இருக்கிறது.

ஆபரேஷனுக்குப் பயன்படும் எந்தச் சாமானிலும் ஒரு கிருமி கூட இருக்கக் கூடாது. அதற்காக நீராவிப் பெட்டியில் வைத்து வேக வைக்கிறார்கள். நம் வீட்டுக் குக்கரின் அண்ணன் என்று அதைச் சொல்லலாம். உள்ளே 121 டிகிரி சூடு. முப்பரிமாண அச்சில் சாதாரணமாகப் பயன்படும் பிளாஸ்டிக்கோ 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கி விடும். குக்கரில் வைத்தால் யந்திரக் கை களியாகி விடும்!

ஆபரேஷன் நடுவில் மின்சாரம் நின்றால்? நல்ல யந்திரத்தில் கை அந்த இடத்திலேயே உறைந்து நிற்க வேண்டும். தளர்ந்து உள்ளே விழக் கூடாது. ஒரு மோட்டார் தவறான தகவல் கொடுத்தால், இன்னொரு கருவி "இது தப்பு" என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். கம்ப்யூட்டரில் திருடர் புகுந்தாலும் கெடுதல்தான். 2015-ம் ஆண்டு அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், ராவன் என்ற தங்களுடைய ஆராய்ச்சி யந்திரத்துக்குள் தாங்களே புகுந்து, தூரத்தில் இருந்து அதன் கையைத் தடுமாற வைத்துக் காட்டினார்கள். காவலை எங்கே பலப்படுத்த வேண்டும் என்று அறிவதற்காகச் செய்த சோதனை அது.

இப்படிக் கண்ணுக்குத் தெரியாத காவல்களுக்குத்தான் பெரும் செலவு. நமது நாட்டிலும் 2017-ம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிப்படி, உரிமம் இல்லாத கருவியை நோயாளியின் மேல் பயன்படுத்த முடியாது. பாலிடெக்னிக்கில் படிக்கும் பிள்ளைகள் ஆசைப்பட்டால் யந்திரக் கையைச் செய்து பார்க்கட்டும். நல்ல படிப்புத்தான். திராட்சைப் பழத்தின் தோலை உரித்துப் பழகட்டும். பெரிய யந்திரங்களின் திறமையைக் காட்டவும் திராட்சைத் தோலைத்தான் உரித்துக் காட்டுகிறார்கள். திராட்சையோடு நிறுத்திக் கொள்ள வேண்டும்.

கொசுவலை டாக்டர்

அப்படியானால் மலிவு விலை ஆபரேஷன் என்பது வெறும் கனவா? இல்லை. யந்திரத்தைச் சேர்ப்பதற்குப் பதிலாக யந்திரத்தைக் குறைத்து அதைச் சாதித்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள்.

மகாராஷ்டிர மாநிலத்தில் தொண்டைச்சா என்று ஒரு சிறிய ஊர். அங்கே டாக்டர் தோங்காவ்கர் ஏழை ஜனங்களுக்குக் குடல் இறக்க ஆபரேஷன் செய்து வந்தார். இந்த ஆபரேஷனில், பிளந்த சதைச் சுவரின் மேல் ஒரு வலைத் துண்டை வைத்துத் தைத்தால் மறுபடி பிதுங்காது. அந்த வலை வெளிநாட்டுச் சரக்கு. ஏழைக்குக் கட்டுபடி ஆகாத விலை.

டாக்டர் யோசித்தார். கொசுவலைத் துணியும் அதே வகைப் பிளாஸ்டிக் நூலால் நெய்ததுதானே? மருந்து தோய்க்காத கொசுவலைத் துணியை வாங்கினார். சிறு துண்டுகளாக வெட்டி, கிருமி நீக்கி, அதையே வைத்துத் தைத்தார்! துண்டு ஒன்றுக்கு ஆன செலவு மிக அற்பம்.

அவரும் அவருடன் சேர்ந்த டாக்டர்களும் 359 குடல் இறக்கங்களில் இதைச் செய்து, பலனை 2003-ம் ஆண்டு இந்திய அறுவை சிகிச்சை இதழில் வெளியிட்டார்கள். சிரித்தவர்களும் இருந்தார்கள். பிறகு ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் 302 ஆண்களை வைத்து முறைப்படி சோதித்தார்கள். பாதிப் பேருக்குக் கொசுவலை. பாதிப் பேருக்கு விலை உயர்ந்த வலை. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்ததில், கொசுவலைக்காரர்களில் ஒரே ஒருவருக்குத்தான் மறுபடி குடல் இறங்கியிருந்தது. இரண்டு வலைகளுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை! 2016-ம் ஆண்டு உலகப் புகழ் பெற்ற நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இந்தச் செய்தி வெளியாயிற்று.

பந்தல் போடும் தமிழர்

இன்னொருவர் நம் தமிழர். டாக்டர் ஜே. ஞானராஜ். அஸ்ஸாம் முதலான வடகிழக்கு மாநிலங்களில், மலையும் காடுமான இடங்களில் பல ஆண்டுகள் ஆபரேஷன் முகாம்கள் நடத்தியவர். அந்த ஊர்களின் நிலைமை கவுஞ்சிக்குத் தூரத்துச் சொந்தம்.

அவர் செய்ததைப் புரிந்து கொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். துளை வழியாக ஆபரேஷன் செய்யும்போது, வயிற்றுக்குள்ளே கை கால் நீட்ட இடம் வேண்டுமே! அதற்காகக் கரியமில வாயுவை உள்ளே செலுத்திப் பலூன் போல வயிற்றை உப்ப வைப்பார்கள். வயிறு உப்பினால் அது நெஞ்சை மேலே தள்ளும். மூச்சு விடுவது கஷ்டம். ஆகையால் நோயாளிக்கு முழு மயக்கம் கொடுத்து, மூச்சை யந்திரத்தால் நடத்த வேண்டியிருக்கும். அதற்கு மயக்க டாக்டர் வேண்டும். வாயு உருளை வேண்டும். வாயு கசியாத விசேஷக் குழாய்கள் வேண்டும். மலை மேல் இவை எல்லாவற்றுக்கும் எங்கே போவது?

"வாயுவே வேண்டாம்!" என்றார்கள் சில டாக்டர்கள். 1990-களில் வந்து, பெரிய ஆஸ்பத்திரிகள் கைவிட்ட ஒரு பழைய முறை அது. ஞானராஜும் அவரைப் போன்ற கிராமத்து அறுவை டாக்டர்களும் அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். பந்தல் போடுகிறவர்கள் நடுவிலே ஒரு கொம்பு கொடுத்துத் துணியைத் தூக்குவதில்லையா? அதே போல, கட்டிலோடு பொருத்திய ஒரு கம்பத்தில் இருந்து வளைந்த கம்பி ஒன்று துளை வழியாகப் போய், வயிற்றுச் சுவரை உள்ளிருந்து மேலே தூக்கிப் பிடித்துக் கொள்ளும். உள்ளே இடம் உண்டாகி விடும். வெளிக்காற்று தானாக உள்ளே போய்க் கொள்ளும்.

இதன் பலனைப் பாருங்கள். வயிறு உப்பாததால் மூச்சுத் தொல்லை இல்லை. முழு மயக்கத்துக்குப் பதிலாக, பிரசவ ஆபரேஷனுக்குப் போடுவது போல முதுகில் ஓர் ஊசி போட்டால் பல ஆபரேஷன்களுக்குப் போதும். வாயு உருளையைச் சுமக்க வேண்டாம். சாதாரண ஆயுதங்களையே துளை வழியாக விடலாம். நோயாளி விழித்திருக்கலாம்!

இப்படித் தூக்கிப் பிடிக்கும் கருவி ஒன்றைக் கோவையில் உள்ள ஸ்டான் என்ற கம்பெனி செய்தது. இங்கிலாந்தில் உள்ள லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் இந்திய டாக்டர்களோடு சேர்ந்து, அதை ஆராய்ந்து திருத்திப் புதிய கருவியாகச் செய்திருக்கிறார்கள். கோவையில் பிறந்த கருவியை இங்கிலாந்துக்காரர்கள் பாடமாக வைத்துப் படித்தார்கள் என்பது நமக்குக் கொஞ்சம் பெருமைதான்.

எல்லா ஆபரேஷனையும் இப்படிச் செய்ய முடியாது. மிகப் பருமனானவர்களுக்கு இது கஷ்டம். ஆனால் குடல்வால், பித்தப்பை, பெண்களின் சில கர்ப்பப்பை ஆபரேஷன்கள் முதலியவற்றைச் செய்கிறார்கள்.

286 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து

யந்திரத்தைப் பற்றி இன்னும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டாக்டர் ஓர் இடத்தில், நோயாளி வேறோர் இடத்தில் இருந்து ஆபரேஷன் செய்ய முடியும். கவுஞ்சிக்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய சங்கதி இது.

2001-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி பிரெஞ்சு டாக்டர் மாரெஸ்கோ அமெரிக்காவில் நியூயார்க் நகரில் உட்கார்ந்து கொண்டார். அட்லாண்டிக் மகா சமுத்திரத்துக்கு அப்பால், பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 68 வயதுப் பெண்மணி ஒருவர் படுத்திருந்தார். கம்பி வழியாகக் கட்டளை போயிற்று. யந்திரக் கை அந்த அம்மாளின் பித்தப்பையை எடுத்தது. அவர் இரண்டு நாளில் நலமாக வீடு திரும்பினார். டாக்டரின் கை அசைவு அங்கே போய், படம் திரும்பி வர ஆன நேரம், ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு.

நம் நாட்டிலும் இது நடந்து விட்டது. அமெரிக்காவில் பணியாற்றிய இருதய அறுவை டாக்டர் சுதீர் ஸ்ரீவஸ்தவா டில்லிக்குப் பக்கத்தில் குருகிராம் நகரில் "மந்த்ரா" என்ற ஆபரேஷன் யந்திரத்தை உருவாக்கினார். வெளிநாட்டு யந்திரத்தை விட விலை வெகுவாகக் குறைவு. ஆனாலும் கோடிக் கணக்குத்தான். 2025-ம் ஆண்டு ஜனவரியில் அவர் குருகிராமில் உட்கார்ந்து, 286 கிலோமீட்டர் தொலைவில் ஜெய்ப்பூர் ஆஸ்பத்திரியில் இருந்த நோயாளிக்கு இருதய ஆபரேஷன் செய்தார்.

சென்னைக்கும் கவுஞ்சிக்கும் உள்ள தூரம் ஒளிக்கு ஒரு பொருட்டே அல்ல. கண்ணாடி இழையில் ஒளி ஒரு வினாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கணக்குப் போட்டால் சென்னையில் இருந்து கண் இமைப்பதற்குள் கவுஞ்சிக்கு வந்து விடும்.

வந்து சேர வேண்டியவை வேறு. ஜெய்ப்பூரில் நோயாளியின் பக்கத்தில் டாக்டர்கள் நின்றார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கிலும் நின்றார்கள். கம்பி அறுந்தால் அடுத்த நிமிஷமே கத்தியைக் கையில் எடுக்க ஆள் வேண்டும். மயக்கம் கொடுக்க ஆள் வேண்டும். ரத்தம் வேண்டும். நர்ஸ் வேண்டும். மின்சாரம் வேண்டும். 2018-ம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்து, சாலைகள் அடைபட்டு, கிராமங்களில் நாள் கணக்கில் விளக்கு எரியவில்லை. அன்று பத்துக் கோடி யந்திரம் இருந்திருந்தாலும் இருட்டில்தான் நின்றிருக்கும். தூக்கிப் பிடிக்கும் கம்பியும், முதுகில் போடும் ஊசியும், ஒரு ஜெனரேட்டரும், ஓர் அறுவை டாக்டரும் இருந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம்.

மேல்மலைக்கு யந்திரத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது மாதம் ஒரு முறை வந்து போகும் ஆபரேஷன் முகாம் என்பதே என் எண்ணம். குடல் இறக்கம், பித்தப்பைக் கல் போன்ற, நாள் குறித்துச் செய்யக் கூடிய ஆபரேஷன்கள் அதில் நடக்கும். அஸ்ஸாமில் நடந்தது பழனி மலையில் நடக்காமல் போவதற்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

முகாம் வரும் வரையில்

மேல்மலைக் குடும்பங்கள் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டிய சில விவரங்கள்:

தொப்புளைச் சுற்றி வலி தொடங்கி, சில மணி நேரத்தில் வலது பக்க அடிவயிற்றுக்கு இறங்கினால் அது குடல்வாலாக இருக்கலாம். வாந்தியும் காய்ச்சலும் கூட வரலாம். "வயிற்றைச் சுத்தம் செய்வோம்" என்று பேதி மருந்து கொடுக்கக் கூடாது. குடல்வால் உடைந்து விடும் அபாயம் உண்டு. விடியட்டும் என்று காத்திராமல் 108-க்குப் போன் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டு தொடங்கிய இந்த இலவச ஆம்புலன்சுக்கு மலை என்றும் சமவெளி என்றும் பேதம் இல்லை.

குடல் இறக்கம் உள்ளவர்கள், படுத்தால் உள்ளே போய் விடுகிற வரை நாள் பார்த்து ஆபரேஷன் செய்து கொள்ளலாம். வழக்கமாக உள்ளே போகும் பிதுக்கம் ஒரு நாள் போகாமல், கல்லாக இறுகி வலித்தால் அது அவசரம். அழுத்தித் தள்ளிப் பார்க்கக் கூடாது. உடனே புறப்பட வேண்டும்.

முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. வருமானச் சான்று வாங்கிக் கொண்டு, ரேஷன் அட்டையையும் ஆதார் அட்டையையும் எடுத்துப் போய் முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். வலி வந்த இரவில் சான்றுக்கு அலைய முடியாது.